இருநூற்றுப் பத்து நிமிட இறுதியாட்டம்

கால்பந்தாட்டத்தில் இறுதிப் போட்டி என்றால் ஒரு நாள், ஒரு திடல், தொண்ணூறு நிமிடம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஐரோப்பாவில் நெடுங்காலம் வேறொரு முறையும் வழக்கில் இருந்தது. இறுதிக்கு வந்த இரு கழகங்களும் ஒருமுறை ஒருவர் ஊரிலும், மறுமுறை மற்றவர் ஊரிலும் ஆடும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி, மிகுதி பெற்ற கழகத்துக்குக் கோப்பை வழங்கப்படும். இம்முறையின் நிறைகுறைகளை அறிய விரும்பும் மாணவர்களுக்கு, 1966ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கழகங்களான பார்சிலோனாவும் சரகோசாவும் பொருத இறுதியாட்டத்தையே நான் எடுத்துக்காட்டுவேன்.

அவை பொருதது நகரங்களிடைப் பொருட்காட்சிக் கோப்பைக்காக. பெயர் விந்தையாகத் தோன்றலாம். 1955இல் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் தோமன், இத்தாலியின் ஒத்தொரினோ பராஸி, இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸ் ஆகிய மூவரும் இதனைத் தோற்றுவித்தனர். அனைத்துலக வணிகப் பொருட்காட்சி நடத்தும் நகரங்களே இதிற் பங்குகொள்ளலாம். ஒரு நகரத்துக்கு ஓர் அணி என்பது விதி. பொருட்காட்சி நடைபெறும் காலத்தை ஒட்டியே ஆட்டங்களும் அமைக்கப்பட்டமையால், முதற் போட்டி முடிவதற்கு 1958ஆம் ஆண்டு வந்துவிட்டது! லண்டன் மாநகரம் பல கழகங்களின் ஆட்டக்காரர்களைத் திரட்டி ஓர் அணியை அனுப்பியது. அவ்வணி தன் ஊரில் பார்சிலோனாவுடன் 2–2 எனச் சமன் செய்து, பார்சிலோனாவில் 0–6 எனத் தோற்றது. வணிகத்தின் நிழலில் முளைத்த போட்டி மெல்ல மெல்லக் கழகங்களின் போட்டியாக மாறிற்று. ஒரு நகரம், ஓர் அணி என்ற விதியும் தளர்ந்தது. 1966இல் காலிறுதிக்கு முந்திய கட்டங்களைத் தாண்டி வந்த பார்சிலோனா, தன் நகரத்துக் கழகமாகிய எஸ்பான்யோலையே எதிர்த்து ஆட நேர்ந்தது.

ஸ்பெயின் நாட்டுக் கழகங்கள் இரண்டு இக்கோப்பையின் இறுதியிற் சந்தித்தது 1966இல் முதன்முறையன்று. 1962இல் வாலென்சியா தன் ஊரில் பார்சிலோனாவை 6–2 என வீழ்த்தியது; மறு ஆட்டம் 1–1. இரண்டாட்ட முறையின் குறை இங்கே வெளிப்படை. முதல் நாளே நான்கு கோல் வேறுபாடு விழுந்துவிட்டால், இரண்டாம் ஆட்டம் பெயரளவில் நடக்கும் சடங்கேயன்றி வேறில்லை. 1964, 1965 ஆண்டுகளில் ஒற்றை ஆட்டமாகவே இறுதி நடந்தது. 1964இல் வாலென்சியாவை 2–1 என வென்று கோப்பை பெற்றது சரகோசா. 1966இல் மீண்டும் இரண்டாட்ட முறை வந்தது.

சரகோசாவும் பார்சிலோனாவும் பழைய உறவினர். 1137இல் அரகோன் அரசனின் மகள் பெத்ரொனிலா, ஒரு வயதுக் குழந்தையாய் இருக்கையிலேயே, பார்சிலோனாக் கோமகனுக்கு மணம் பேசப்பட்டாள். அவ்வுறவால் இரு நாடுகளும் ஒரே முடியின்கீழ் இணைந்தன. எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள சரகோசாவில் அரசர் முடிசூடினர்; கடற்கரையிலுள்ள பார்சிலோனாவில் வணிகம் செழித்தது. 1966இலோ இரு நகரங்களும் பிராங்கோவின் ஆட்சியின்கீழ் இருந்தன. கட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தது. பார்சிலோனாக் கழகத்தின் பெயர்கூட ஸ்பானிய முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. அம்மக்களுக்குக் கழகம் விளையாட்டினும் பெரியதாய் இருந்ததில் வியப்பில்லை. ஆயினும் இந்த இறுதியாட்டம் தலைநகர் மாட்ரிட்டுடன் நடந்த பிணக்கன்று. அண்டை வீட்டார் இருவரின் போட்டி. இருவர் திடல்களும் 1957 செப்டம்பர் என்ற ஒரே திங்களில் திறக்கப்பட்டவை என்பது இன்னொரு பொருத்தம்.

இறுதிக்கு வந்த வழி இருவருக்கும் எளிதாயில்லை. அரையிறுதியில் பார்சிலோனாவும் செல்சீயும் ஆளுக்கு 2–0 என வென்றமையால் மூன்றாம் ஆட்டம் தேவைப்பட்டது. அதில் பார்சிலோனா 5–0 என வென்றது. சரகோசாவுக்கும் லீட்ஸ் கழகத்தோடு மூன்றாம் ஆட்டம் ஆடவேண்டி வந்தது. அது லீட்ஸின் சொந்தத் திடலிலேயே நடந்தும், சரகோசா 3–1 என வென்றது. பின்னர் இங்கிலாந்தில் உலகக் கோப்பை குறுக்கிட்டமையால், இறுதியாட்டம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

சரகோசாவின் முன்னணி ஆட்டக்காரர் ஐவரை ஸ்பெயின் மக்கள் 'மாண்புமிகு ஐவர்' என்ற பொருளில் அழைத்தனர். கனாரியோ, சாந்தோஸ், மார்செலினோ, வில்யா, லப்பெத்ரா என்போர் அவர்கள். பிரேசில் நாட்டவரான கனாரியோ 1960இல் ரியால் மாட்ரிட்டோடு ஐரோப்பியக் கோப்பை வென்றவர். 1964இல் சோவியத் அணியைத் தலையால் முட்டிய கோலால் வீழ்த்தி, ஸ்பெயினுக்கு ஐரோப்பிய நாடுகளின் கோப்பையைத் தேடித் தந்தவர் மார்செலினோ.

செப்டம்பர் 14ஆம் நாள் பார்சிலோனாவில் முதல் ஆட்டம். கனாரியோ அடித்த ஒரே கோலால் சரகோசா வென்றது. ஒற்றை ஆட்ட முறையாயின் கதை அன்றே முடிந்திருக்கும். ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், சரகோசாவில் இரண்டாம் ஆட்டம். உள்ளூர் அணிக்குச் சமன் செய்தாலே போதும். இந்த 'போதும்' என்ற நினைப்பு பொல்லாதது. மூன்றாம் நிமிடத்திலேயே பார்சிலோனாவின் புஜோல் கோல் அடித்தார்; அவருக்கு அப்போது இருபது வயதும் நிறையவில்லை. மார்செலினோ பதில் கோல் போட்டார். பிறகு ஆட்டம் இழுபறியாகவே சென்றது.

கடைசி ஐந்து நிமிடங்களில் நிகழ்ந்ததைப் பொறுமையாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 86ஆம் நிமிடத்தில் புஜோல் மீண்டும் அடித்தார். மொத்தக் கணக்கு 2–2. அடுத்த நிமிடமே மார்செலினோ அடித்தார். சரகோசா 3–2 என முந்தியது. இரண்டு நிமிடம் சென்றதும் சபால்யா அடித்தார்; 3–3. அயலூரில் அடித்த கோலுக்குத் தனி மதிப்புத் தரும் விதி இங்கு நடைமுறையில் இருந்திருப்பின், பார்சிலோனா அப்போதே கோப்பையைக் கைக்கொண்டிருக்கும். ஏனெனில் சரகோசா அயலூரில் அடித்தது ஒன்று, பார்சிலோனா அடித்தது மூன்று. ஐரோப்பியப் போட்டிகளில் பின்னர் பரவி, 2021இல் கைவிடப்பட்ட அவ்விதி இந்த ஆட்டத்தை ஆளவில்லை. ஆகவே மேலும் அரைமணி நேரம் ஆடினர். அந்த அரைமணியும் முடியும் தறுவாயில் புஜோல் தம் மூன்றாம் கோலை அடித்தார். மொத்தக் கணக்கு 4–3.

இரண்டு ஆட்டங்களிலும் விருந்தினரே வென்றனர் என்பதைக் கவனியுங்கள். சொந்த ஊர் ஆதரவு இருபாலும் சமமாகட்டும் என்று வகுத்த முறையில், அவ்வாதரவு ஒருவருக்கும் உதவவில்லை. ஆயினும் தோற்ற அணி மீண்டெழ ஒரு வாரம் தந்தமைக்காக இம்முறையையே நான் மேலெனக் கருதுகிறேன். 1962ஆம் ஆண்டுச் சடங்கை அதற்கு நாம் கொடுக்கும் விலை எனலாம்.

பொருட்காட்சிக் கோப்பை 1971இல் நிறுத்தப்பட்டு, அவ்விடத்தில் யூஃபா கோப்பை வந்தது. பழைய போட்டியை யூஃபா நிறுவனம் தான் நடத்தியதன்று எனக் கூறித் தன் வெற்றிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கோப்பை யாரிடம் நிலையாக இருப்பது என்பதற்கும் ஓர் ஆட்டம் நடத்தினர். முதலில் அதனை வென்ற பார்சிலோனாவும், கடைசியாக வென்ற லீட்ஸும் 1971 செப்டம்பர் 22ஆம் நாள் பார்சிலோனாவில் ஆடின. இம்முறை ஒரே ஆட்டந்தான். பார்சிலோனா 2–1 என வென்று கோப்பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.