அர்மேரோவுக்குக் கிடைத்த இரண்டரை மணி நேரம்

எரிமலை என்றால் தீக்குழம்பு என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். புவியியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் அவர்களுக்கு நான் சொன்ன ஊர், கொலம்பியாவின் அர்மேரோ. அதை அழித்தது சேறு.

ஹவாயின் கேடய எரிமலைகளில் குழம்பு இளகி வழியும்; பெரும்பாலும் ஆள் நடந்தே விலகிவிடலாம். அர்மேரோவுக்கு அந்தச் சேற்றை அனுப்பிய, 5,321 மீட்டர் உயரமுள்ள நெவாடோ தெல் ரூயிஸ் அடுக்கு எரிமலை. அதன் குழம்பு கெட்டி. வாயு உள்ளே அடைபட்டு வெடிக்கும். உச்சியிலோ பனிப்பாறை. வெடிப்பின் சூட்டில் பனி உருகினால், சாம்பலும் கல்லும் கலந்த சேறு ஆற்றுப் பள்ளங்கள் வழியே பாயும். அதற்கு லகார் என்று பெயர்.

1595-இலும் 1845-இலும் அப்படிப் பாய்ந்தது. 1845-இல் சுமார் 1,000 பேர் மாண்டார்கள். அந்தச் சேறு படிந்த நிலத்தின் மேலேயே பிறகு அர்மேரோ எழுந்தது. வளமான மண், பருத்தியும் நெல்லும் செழித்தன. செத்தவர்களின் நினைவு மங்கிவிட்டது.

1985 அக்டோபரில் வெளியான ஆபத்து வரைபடம் அர்மேரோவைச் சேற்றின் பாதையில் காட்டியது. நவம்பர் 13 பிற்பகல் ஊரில் சாம்பல் விழுந்தது. வீட்டிலேயே அமைதியாக இருங்கள் என்றது வானொலி. இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் மலை வெடித்தது. மழையிலும் மின்தடையிலும் எச்சரிக்கை ஊருக்குள் பரவவில்லை. 11.30 மணியளவில் சேறு வந்து சேர்ந்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மேட்டு நிலம் நடக்கும் தூரத்தில்தான் இருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அர்மேரோவுக்குப் பிறகு அமெரிக்காவில் எரிமலைப் பேரிடர் உதவிக் குழு ஒன்று உருவானது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினதூபோ, சுமார் 500 ஆண்டு உறக்கம் கலைந்தபோது, அக்குழு உள்ளூர் அறிவியலாளர்களோடு நின்றது. ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிவித்தார்கள். எரிமலை ஆய்வாளர் மோரிஸ் கிராஃப்ட் தொகுத்த எரிமலைக் காட்சிகளை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். வெளியேற வேண்டிய வட்டம் 10 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக 40 வரை விரிந்தது. ஜூன் 15 அன்று மலை வெடித்தபோது பல்லாயிரம் பேர் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

ஆனாலும் சாவு நின்றுவிடவில்லை. அன்றே வந்த புயல்மழையில் நனைந்து கனத்த சாம்பல், கூரைகளைச் சரித்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. பிறகு முகாம்களில் தட்டம்மை பரவி, அந்த மலையின் பூர்வகுடிகளான ஏட்டா மக்களின் குழந்தைகள் பலர் இறந்தார்கள்.

ஆகவே வெளியேற்றத் திட்டம் என்பது சாலையில் அம்புக்குறி போடுவதோடு முடிவதில்லை. "கிளம்புங்கள்" என்று யார் சொல்வது, மின்சாரம் போனால் அந்தச் சொல் வீடுவீடாக எப்படிப் போகும், எந்த மேட்டில் ஏறுவது, ஏறிய குழந்தைக்குத் தடுப்பூசியும் சோறும் யார் தருவது? இவை அத்தனையும் மலை அமைதியாக இருக்கும் நாட்களிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.