நின்று பெய்த முகில்

புயல் என்பது நடந்து வருவது. இடிமுகிலோ பெரும்பாலும் காணும் இடத்திலேயே பிறப்பது. வானிலை முன்னறிவித்தலின் வரலாற்றில் இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1861 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி பிற்ஸ்றோய் என்பார் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கத் தொடங்கியபோது, அவருக்குக் கைகொடுத்தது தந்தி. ஓரிடத்தில் வீசிய காற்றின் செய்தி, அக்காற்றினும் விரைவாகக் கம்பி வழியே ஓடி அடுத்த துறைமுகத்தை அடைந்தது. ஆயின், கோடைப் பிற்பகலில் ஒரு மலைச்சரிவின் மேல் திரண்டு, அங்கேயே பொழிந்து, அங்கேயே கலைந்துபோகும் முகிலை எந்தத் தந்தி முந்த இயலும்?

இடிமுகிலின் உள்ளமைப்பு நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946, 1947 ஆம் ஆண்டுகளில், அமெரிக்க அறிஞர் ஹொறஸ் பயர்ஸ் தலைமையில் ஒரு குழுவினர் புளோறிடாவிலும் ஒகையோவிலும் போர் விமானங்களை இடிமுகில்களின் ஊடாகவே செலுத்தி ஆராய்ந்தனர். முகிலானது பல கூறுகளாலானது. ஒவ்வொரு கூறும் வளர்ந்து, பொழிந்து, தேய்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் மாண்டுவிடும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்வாறாயின் ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் விடாது பெருமழை கொட்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண 144 உயிர்கள் விலையாயின.

கொலறாடோ மாநிலத்தில், எஸ்ரெஸ் பார்க் என்னும் மலையூருக்கும் சமவெளியிலுள்ள லவ்லன்ட் நகருக்கும் இடையே பிக் தொம்சன் ஆறு ஏறத்தாழ 25 மைல் தூரம் குறுகிய பாறை இடுக்கு ஒன்றினூடாகப் பாய்கிறது. ஆறும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்லும் இடம் அது. 1976 ஆம் ஆண்டு யூலை 31, சனிக்கிழமை. மாநிலம் அமைந்து நூறாண்டு நிறைவுறும் விழா மறுநாள். ஆதலின் ஆற்றங்கரை எங்கும் விடுமுறை கழிக்க வந்தோர் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்தனர். மாலை ஆறு மணிக்குப் பின்னர் மழை பிடித்துக்கொண்டது. சில மணி நேரத்தில் மலைச்சரிவின் சில பகுதிகளில் 12 அங்குலம் வரை பெய்தது. அம்மலைப்புறம் ஓராண்டில் பெறும் மழையின் பெரும்பகுதி அது. மண் மெல்லியது, சரிவோ செங்குத்தானது. பெய்த நீர் அனைத்தும் ஆற்றை நோக்கியே ஓடிற்று. எஸ்ரெஸ் பார்க்கின் அருகே ஆற்றின் குறுக்கே அணை ஒன்று இருந்தது. ஆனால் பெருமழை அணைக்குக் கீழேயே பெய்தமையால் அதனால் தடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கின் வாயிலில் நீர் செக்கனுக்கு 31,000 கன அடிக்கு மேல் பாய்ந்தது. 418 வீடுகள் அழிந்தன.

கீழே லவ்லன்டில் நின்றவர்களுக்கு மேலே என்ன நிகழ்கிறதென்று தெரிய வழியில்லை. அங்கு மழையே மிகக் குறைவு. நீர் வருமுன் கிடைத்த எச்சரிக்கையெல்லாம் பொலிஸார் வீடு வீடாக, வண்டி வண்டியாகச் சென்று கூறியதே. அப்பணியில் இருவர் தம் உயிரையும் இழந்தனர். எச்சரிக்கப்பட்டோரிற் சிலர் நம்பவில்லை என்பது வியப்பன்று. முழங்கால் அளவு நீரோடும் ஆறு 20 அடி உயரச் சுவராக வரும் என்று யார்தான் நம்புவர்? மோட்டார் வண்டியில் ஏறிச் சாலை வழியே தப்ப முயன்றோர் பலர் மாண்டனர். வண்டியை விட்டுப் பாறைமேல் ஏறியோர் பிழைத்தனர்.

வருந்தத்தக்கது யாதெனில், இதே நாடகம் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருமுறை நடந்தேறியிருந்தது. 1972 யூன் 9 ஆம் நாளிரவு தெற்கு டக்கோட்டாவின் றப்பிட் சிற்றி நகரில் வெள்ளம் 238 பேரைக் கொண்டுசென்றது. 1978 இல் றொபேட் மடொக்ஸ் முதலிய ஆய்வாளர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கம் பக்கமாக வைத்து நோக்கியபோது ஒற்றுமை புலனாயிற்று. ஈரம் நிறைந்த கீழ்க்காற்று சமவெளியிலிருந்து வந்து மலைச்சரிவில் மோதி மேலெழுந்தது. முகிலை நகர்த்திச் செல்ல வேண்டிய மேல்வானக் காற்றோ மிக மெலிந்திருந்தது. ஆகவே, பழைய கூறு மாண்ட இடத்திலேயே புதிய கூறு பிறந்தது. மழை நின்றவாறே பெய்தது.

அதன்பின் முன்னறிவிப்போரின் கேள்வியே மாறியது. இடி எவ்வளவு கடுமையாக இருக்கும், காற்று எவ்வளவு வீசும் என்பவற்றோடு, முகில் நகருமா நில்லாதோ என்றும் கேட்கலாயினர். மழையின் வேகமும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்ததே மழையின் அளவு. பள்ளிச் சிறுவரும் அறிந்த இக்கணக்கை முன்னறிவிப்பின் அடிப்படையாக டொஸ்வெல், புறூக்ஸ், மடொக்ஸ் ஆகிய மூவரும் 1996 இல் வகுத்து வெளியிட்டனர்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவெங்கும் நிறுவப்பெற்ற டொப்ளர் றேடார்களும் பெருந்துணையாயின. ஆயினும் றேடார் மழையை நேரே அளப்பதன்று. துளிகளிற் பட்டு மீளும் அலையின் வலிமையைக்கொண்டு கணிப்பதே அதன் தொழில். துளிகள் சிறியனவாயும் எண்ணிறந்தனவாயும் இருப்பின், அது பெருமழையையும் குறைத்தே காட்டும். 1997 யூலை 28 இல், பிக் தொம்சனுக்கு வடக்கே அதிக தூரமில்லாத போட் கொலின்ஸ் நகரில் அதுவே நேர்ந்தது. அங்கு ஐவர் மாண்டனர். இன்றும் ஒரு மாவட்டத்திற்கு ஆபத்து உண்டென்பதைப் பகலிலேயே கூறிவிடலாம். எந்தப் பள்ளத்தாக்கிற்கு என்பது மழை விழத் தொடங்கிய பின்னரே பெரும்பாலும் தெரியவரும்.

கொலறாடோவின் மலைச்சாலைகளில் 1976 க்குப் பின் அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பெற்றன. வெள்ளம் வரின் மேலே ஏறித் தப்புக என்பதே அவற்றின் வாசகம். மனிதன் ஒருவன் சரிவிலே ஏறும் உருவமும் அப்பலகைகளில் வரையப்பட்டுள்ளது.