விக்கிப் பக்கத்தில் பணிப்பட்டியல்: சரிக்குறி எங்கே எழுதப்படுகிறது?

வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று விக்கிவிக்கிவெப்பைத் தொடங்கியபோது, படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற நிலை பிறந்தது. திருத்துவதற்கு ஒரே வழிதான் இருந்தது. தொகுப்புப் பக்கத்தைத் திறந்தால் உரை முழுவதும் ஒரு பெட்டிக்குள் வரும். வேண்டிய இடத்தைத் தேடி மாற்றிச் சேமிக்க வேண்டும். கட்டுரை எழுத அது போதுமானது, பணிப்பட்டியலுக்குப் போதாது. பட்டியலில் ஓயாமல் நடக்கும் திருத்தம் மிகச் சிறியது: ஒரு வேலை முடிந்தது என்று குறிப்பது. அதற்காகப் பக்கம் முழுவதையும் திறந்து மூட வேண்டுமென்றால் பலர் குறிக்காமலே விட்டுவிடுவார்கள். குறிக்காத பட்டியலை வெகுநாள் யாரும் நம்புவதில்லை.

சொடுக்கினால் சரிக்குறி விழும் பெட்டி அப்போதே இணையத்தில் இருந்தது. அதே 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஆகவே தடை பெட்டியில் இல்லை. விழுந்த குறியை எங்கே எழுதிவைப்பது என்பதே விக்கியின் சிக்கல். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறாகவே விக்கிப் பணிப்பட்டியலின் வளர்ச்சியை நான் காண்கிறேன்.

ஆங்கில விக்கிப்பீடியா சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே பணிப்பட்டியல் வார்ப்புரு உரையாடல் பக்கத்தின் தலைப்பகுதியில் தெரியும். பட்டியலின் உரை தனியான துணைப்பக்கத்தில் இருக்கும். திறக்க வேண்டிய உரை சிறிதாயிற்று என்றாலும் திறக்கத்தான் வேண்டும்.

மாற்றம் 2004, 2005 ஆண்டுகளில் விரைந்து வந்தது. 2004 செப்டம்பரில் ஜெரமி ரஸ்டன் வெளியிட்ட டிட்லிவிக்கி, விக்கி முழுவதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் அடக்கியது. சிறு குறிப்புகளை இருந்த இடத்திலேயே திறந்து திருத்தலாம். டேவிட் ஆலன் 2001இல் எழுதிய நூலின் பணி ஒழுங்குமுறையைப் பின்பற்றியவர்கள், டிட்லிவிக்கியை 2005இலேயே பணிப்பட்டியல் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அஜாக்ஸ் என்று பெயரிட்ட நுட்பம், பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே வழங்கிக்குச் சிறு செய்தி அனுப்பும் பழக்கத்தைப் பரப்பியது.

அவ்வாண்டு மே மாதம் நடந்த ஒன்றை இங்கே விட்டுவிடக் கூடாது. கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர், வேகத்துக்காகப் பக்கத்திலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே எடுத்துவைத்தது. பேக்பேக் போன்ற செயலிகளில் ‘நீக்கு’ என்பதும் வெறும் இணைப்பாகவே இருந்ததால், பயனர் தொடாத பதிவுகள்கூட நீங்கின. நிலையை மாற்றும் சொடுக்கு சாதாரண இணைப்பாக இருக்கலாகாது, அது படிவம் அனுப்புவதைப் போன்ற கோரிக்கையாகவே போக வேண்டும் என்ற பழைய விதியை நிரலர்கள் அப்போதுதான் உறைக்க உணர்ந்தார்கள்.

குறியை எங்கே எழுதுவது என்பதற்கான மாறுபட்ட விடைகளை டோக்குவிக்கியில் அருகருகே பார்க்கலாம். ஆண்ட்ரியாஸ் கோர் 2004இல் உருவாக்கிய இந்த விக்கி, பக்கங்களைச் சாதாரண உரைக்கோப்புகளாகச் சேமிக்கிறது. அதன் ‘டுடூ’ செருகுநிரலில் பெட்டியைச் சொடுக்கினால் பக்கத்தின் மூல உரையே மாறுகிறது. மாற்றம் பக்க வரலாற்றிலும் பதிவாகிறது. ‘டு’ என்ற இன்னொரு செருகுநிரலோ வேலையின் நிலையை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தனியே வைக்கிறது. தேடுவதும் தொகுத்துக் காட்டுவதும் இதில் எளிது. ஆனால் பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சென்றால் முடிந்த வேலை எது, முடியாதது எது என்ற செய்தி பின்தங்கிவிடும்.

உரையிலேயே எழுதுவதென்றால் இன்னொரு தொல்லை உண்டு: திரையில் தெரியும் பெட்டி மூலத்தின் எந்த வரி? நிரலர்கள் கூடிப் பணிசெய்யும் தளமான கிட்ஹப் 2013 ஜனவரியில் சிக்கல் பதிவுகளுக்குக் கொண்டுவந்த பணிப்பட்டியல், பெட்டிகளை வரிசையாக எண்ணி, மூலத்தில் அதே எண்ணுள்ள சதுர அடைப்பில் எக்ஸ் இட்டது. இடையில் வேறொருவர் மேலே ஒரு வரி சேர்த்திருந்தால் எண் பிசகும். எனவே சேமிக்கும் முன் பக்கம் மாறியிருக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். விக்கிப்பீடியாவின் மென்பொருளான, வார்ப்புருக்கள் மிகுந்த மீடியாவிக்கியில் தொல்லை இன்னும் கூடும். திரையில் மூன்றாவதாகத் தெரியும் வரி வேறொரு பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இந்தத் தொல்லைக்கு வேறு விடை தந்த கான்ஃப்ளுயன்ஸ் என்ற விக்கி மென்பொருள், 2011இல் தன் 4.0 பதிப்பில் விக்கிக் குறியீட்டைக் கைவிட்டு எக்ஸ்எம்எல் சார்ந்த சேமிப்பு வடிவத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு 4.3 பதிப்பில் சொடுக்கக்கூடிய பணிகள் வந்தன. அந்த வடிவத்தில் ஒவ்வொரு பணிக்கும் பக்கத்துக்குள்ளேயே தனி அடையாள எண்ணும் நிலையும் எழுதப்படுகின்றன. வரிசை மாறினாலும் குறி இடம் தவறாது. இதற்குக் கொடுத்த விலை, மனிதர் கையால் எழுதிப் படிக்கும் எளிய மூல உரை.

ஒவ்வொரு சொடுக்கும் ஒரு பதிப்பானால் பக்க வரலாறு நிரம்பிவிடும் என்ற மறுப்பு உண்டு. எனக்கு அது வலுவாகப் படவில்லை. யார், எந்த வேலையை, எப்போது முடித்தார் என்ற செய்திதான் கூட்டுப் பணியில் பிறகு தேடப்படுவது. அதைத் தாங்கத்தானே வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு விக்கி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையதானால், ஒரு பெட்டியைச் சொடுக்கிவிட்டு மூல உரையையும் வரலாற்றையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் அந்தக் குறி இல்லாத விக்கியைப் பணிப்பட்டியலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.