ஜூல் அளந்த சூடும் கோல்ஃப் வண்டியின் நட்டும்

கோல்ஃப் வண்டியைச் சார்ஜில் போட்டால் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, வயரின் மேலுறை இளகுகிறது என்றால் பழி வழக்கமாக இரண்டு பேர் மேல் விழும். ஒன்று பேட்டரி, இன்னொன்று சார்ஜர். ஆனால் பல நேரம் காரணம் ஒரு தளர்ந்த நட்டு, அல்லது பிடிப்பு போன ஒரு பிளக் முனை. இது ஏன் என்பதற்கான கணக்கு, கோல்ஃப் வண்டி பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே போடப்பட்டுவிட்டது. நான் பி.இ. படித்தபோது அதை ஒரு வரிச் சூத்திரமாகத் தாண்டிப் போனோம். அதன் பின்கதை சுவாரசியமானது.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பம் ஜேம்ஸ் ஜூலினுடையது. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. சிறுவயதில் ஜான் டால்டனிடம் பாடம் கேட்டவர். ஆலையின் நீராவி எஞ்சினுக்குப் பதிலாகப் பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் போட்டால் லாபமா? இதுதான் அவருடைய கேள்வி. அன்றைய பேட்டரியில் துத்தநாகம் கரைந்துதான் மின்சாரம் வரும். அந்தச் செலவு நிலக்கரியோடு போட்டி போட முடியாது என்று கடைசியில் தெரிந்துவிட்டது. ஆனால் வழியில் ஒரு விதி கிடைத்தது.

கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, தண்ணீர் ஜாடிக்குள் இறக்கி, மின்சாரம் விட்டு, வெப்பமானியைப் பார்த்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. 1840 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் இது வந்தபோது அவருக்கு வயது 21.

1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய ஈய-அமில பேட்டரியைச் செய்தார். 1881-இல் கமீல் ஃபோர் அதன் தகடுகளில் ஈய ஆக்சைடைப் பசைபோல் பூசி, அதிக மின்சாரம் தேக்க வழி செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெருக்களில் மின்சாரக் கார்கள் ஓடின. பெட்ரோல் கார்கள் அவற்றை ஓரங்கட்டின. அதே தொழில்நுட்பம் பிறகு புல்வெளியில் பிழைத்துக்கொண்டது. 1951-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் மார்கெட்டீர் நிறுவனம் கோல்ஃப் வண்டி தயாரித்தது. 1954-இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் ஈ-ஸி-கோ தொடங்கியது. மெதுவான ஓட்டம், குறைந்த தூரம், ராத்திரி முழுக்க ஷெட்டில் ஓய்வு. ஈய-அமில பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

சரி, இப்போது ஜூலின் கணக்குக்கு வருவோம். பழைய கோல்ஃப் வண்டிகளில் பரவலாக இருந்தது 36 வோல்ட் அமைப்பு. ஆறு 6 வோல்ட் பேட்டரிகள், வரிசையாக ஒன்றோடொன்று கோர்த்தவை. ஆக 12 டெர்மினல்கள். ஓடும் மின்சாரம் மொத்தமும் எல்லா இணைப்புகளையும் கடந்தாக வேண்டும்.

ஒரு இணைப்பு தளர்ந்து, 0.01 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடேறும்போது 200 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு இடத்தில் மட்டும் 400 வாட் வெப்பம். கிட்டத்தட்ட அரை இஸ்திரிப் பெட்டி. ஈய டெர்மினலே உருகி வழிவது இப்படித்தான்.

சார்ஜ் ஏறும்போது ஓடுவது 20 ஆம்பியர் அளவுதான். அதே இணைப்பில் வெறும் 4 வாட். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சூடு பட்ட உலோகம் ஆக்சைடு பிடிக்கும். பிளக்கின் ஸ்பிரிங் பிடிப்பு தளரும். மின்தடை இன்னும் ஏறும். அது 0.05 ஓம் ஆனால் 20 வாட். நகக்கண் அளவு இடத்தில் ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி.

வண்டி செய்தவர்களுக்கு இந்த இருமடிக் கணக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் செய்த மாற்றங்களில் முக்கியமானவை அதிலிருந்து தப்பிக்கத்தான். முதலில், மெதுவாகப் போக வேண்டுமென்றால் தடிமனான மின்தடைச் சுருள்கள் வழியாக மின்சாரத்தை விட்டார்கள். மிச்சம் வெப்பமாக வீணாகும். பிறகு டிரான்சிஸ்டர் கன்ட்ரோலர் வந்தது. நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்து வேகத்தைக் குறைப்பது அதன் வேலை. எங்கள் துறையின் ஒன்று-பூஜ்யம் புத்திதான். 1990-களில் 48 வோல்ட் வண்டிகள் வந்தன. 1,500 வாட் வேண்டுமென்றால் 36 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர், 48-இல் சுமார் 31. மின்னோட்டம் கால் பங்கு குறைந்தது. வயரில் வெப்பம் 44 சதவீதம் குறைந்தது.

ஆனால் நட்டு அங்கேயே இருக்கிறது. தடிமனான வயர் மாற்றினால் வயரின் மின்தடை குறையும்; இணைப்பின் மின்தடை அப்படியே நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்க: சுடும் பிளக்கிலும் ஓடுவது அதே சரியான 20 ஆம்பியர்தான். ஃபியூஸுக்கு எந்தத் தப்பும் தெரியாது. அது போகவே போகாது. சார்ஜ் முடியும் கட்டத்தில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும். இவ்வளவும் நடப்பது ஆள் தூங்கும் நேரத்தில்.

ரயில் நிலையத்தில் முதியவர்களை ஏற்றிப் போகும் பேட்டரி காருக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் இதே கணக்குதான். காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போட்டு, ஆரம்ப அரை மணிக்குள் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகம் காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டார். சார்ஜரை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, சுத்தம் செய்து முடுக்குங்கள். பேட்டரியையும் சார்ஜரையும் மாற்றுவது பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.