லயம்: இலங்கை மலையகத் தொழிலாளர் குடியிருப்பு

லயம் என்பது இலங்கையின் மலைநாட்டில் காப்பி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தங்குவதற்காகத் தோட்ட நிர்வாகங்கள் கட்டிய வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த ஒற்றை அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையையும் மலையகத் தமிழர் காம்பரா என்பர். கம்பளைக்கு அருகிலுள்ள பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் பேணப்பட்டு வருகின்றன. சமூக அபிவிருத்தி நிறுவகம் இதனை நிறுவியது.

தமிழகத்திலிருந்து தொழிலாளர் முதலில் வந்த ஆண்டு குறித்து ஒருமித்த கருத்தில்லை. ஜார்ஜ் பேர்ட் கம்பளைப் பகுதியில் காப்பி பயிரிடத் தொடங்கிய 1823–24ஐச் சிலர் கொள்வர். வேறு சிலர் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தின் பிற்பகுதியைச் சுட்டுவர். காப்பிக் காலத்துக் குடியிருப்புகள் பெரும்பாலும் வரிச்சு வைத்த மண்சுவரும் புல்கூரையும் கொண்டவை.

வரிசை அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ராபர்ட் பாய்ட் டைட்லர் ஜமேக்காவில் காப்பிச் செய்கை பயின்று 1837இல் இலங்கைக்கு வந்தவர். அவர் வழியாக மேற்கிந்தியத் தீவுகளின் பயிர்முறை பரவியபோது அடிமைக் குடியிருப்பின் அமைப்பும் உடன் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பிரித்தானியப் படைவீரர் விடுதிகளே முன்மாதிரி என்பது மற்றொன்று.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளரில் பலர் ஊர் திரும்பிவிடுவர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தோட்டத்திலேயே தங்கும் நிலை வந்தபின் கருங்கல் அல்லது செங்கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள நிலையான லயங்கள் எழுந்தன.

லயத்தில் இருவகை உண்டு. ஒற்றை லயத்தில் காம்பராக்கள் ஒரே திசை நோக்கி நிற்கும். இரட்டை லயத்தில் பின்சுவர் பொதுவாக இருக்க, இருபுறமும் காம்பராக்கள் அமையும். ஆகவே இரட்டை லயத்தில் வாசல் ஒன்றே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி. காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இஸ்தோப்பின் ஒரு பகுதியைத் தட்டி வைத்தோ சுவர் எழுப்பியோ மறைத்துச் சமையலறை ஆக்கிக்கொள்வர். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுதான் விறகு. அதன் புகை சுவரிலும் கூரையிலும் கரியாகப் படியும். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அதனால் ஒரு காம்பராவின் புகையும் பேச்சும் குழந்தையின் அழுகையும் அடுத்த காம்பராவுக்கும் உரியவை. தண்ணீர் பொதுப் பீலியில், அதாவது நீர்க்குழாயில். தொங்கலில் உள்ள காம்பராவுக்குப் பக்கவாட்டில் சற்று இடம் கிடைப்பதால் அதற்கு எப்போதும் போட்டி. லயத்தின் முன்னுள்ள சிறு துண்டு நிலத்தில் பூச்செடியும் மரக்கறியும் வளர்ப்பர். நிர்வாகம் போட்ட வரைபடத்தில் இல்லாத இந்தத் தோட்டங்களே லயத்துக்கு ஊர்முகத்தைத் தந்தவை.

1912 முதல் 1950 வரையிலான காலம் பற்றி எழுத்துச் சான்றுகள் மிகுதி. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டமும் தோட்டச் சுகாதாரத்தை அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. லயங்களை ஒட்டிக் கழிப்பறை கட்டும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். அவருடைய ஆண்டறிக்கைகள் கூலி, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு லயங்களின் நிலையையும் பேசின. காம்பராவில் வாழ்ந்தோரின் சொந்தக் குரல் இவ்வறிக்கைகளில் அரிது. அதை நாட்டார் பாடல்களிலும், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் எழுத்திலும் காணலாம். 1947 நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர் தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார்.

லயத்தின் வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது நேவ்ஸ்மயர் தோட்ட வழக்கு. காம்பரா வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் கூரையும் போகும். கேகாலைப் பகுதியிலிருந்த நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தியபின் தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவிக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தியது. காம்பராவை விட்டு வெளியேறாத தொழிலாளி ஒருவர்மீது, தோட்ட அதிகாரிக்குத் தொல்லை தரும் நோக்கத்துடன் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. செல்வநாயகம் வழக்கு எனப்படும் அது லண்டனில் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்றது. 1950இல் தீர்ப்பு தொழிலாளிக்குச் சாதகமாக வந்தது: அவருடைய அடிப்படை நோக்கம் தம் வீட்டில் தொடர்ந்து வாழ்வதே, யாரையும் தொல்லைப்படுத்துவதன்று. இத்தீர்ப்பு காம்பராவை அவருக்கு உரிமையாக்கவில்லை. ஆயினும் தோட்டக் கணக்கில் வெறும் அறையாக இருந்ததை ஒரு மனிதரின் வீடு என்று பேரரசின் உச்ச மன்றம் ஏற்றது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் லயத்தவரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டைத் தொடர்ந்து பல குடும்பங்கள் தமிழகம் சென்றன. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது.

இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தானாகக் காக்கிறது. கண்டி அரசு பிரித்தானியரிடம் சேர்ந்த அந்நாளுக்குப் பிற்பட்ட கட்டடத்துக்குத் தனி அறிவிப்பு தேவை. லயங்கள் அனைத்தும் அதற்குப் பிந்தியவை. அந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. துரைமார் பங்களாக்கள் பல விடுதிகளாகப் புதுப்பொலிவு பெற்றன. பீக்கொக் தோட்ட அருங்காட்சியகத்தின் அருமை இவற்றோடு வைத்துப் பார்க்கத்தக்கது. வீட்டுப் பாத்திரங்கள், தோட்டக் கருவிகள், பழைய ஆவணங்கள் ஆகியவை அங்கே, அவை புழங்கிய அளவிலான அறைகளுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு லயங்களைப் புதைத்தது. சரிவான இடங்களில் அமைந்த லயங்களின் பாதுகாப்பு குறித்த கேள்வி அதன்பின் கூர்மையடைந்தது. லயங்களுக்கு மாற்றாக இந்திய உதவியுடன் 7 பேர்ச் நிலத்தில் தனிவீடுகள் கட்டப்படுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு ஒவ்வொன்றும் 550 சதுர அடி. பழைய காம்பராவோ 120 சதுர அடி. லயங்களில் பல இன்றும் குடியிருப்புகளாகவே உள்ளன.