எழுதாத எழுதுகோல்

தெலுக் இந்தானில் சாய்ந்து நிற்கும் கோபுரத்தை அறியாதவர் பேராக்கில் இல்லை. 1885-இல் லியோங் சூன் சோங் கட்டியது. உள்ளே தண்ணீர்த் தொட்டி. உச்சியில் லண்டன் ஜே. டபிள்யூ. பென்சன் நிறுவனத்தின் கடிகாரம். ஊருக்குக் குடிநீரும் நேரமும் ஒரே கோபுரத்திலிருந்து கிடைத்தன. கட்டியவர் இதை நினைத்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் கடிகாரம் என்ற சொல்லே நீர்ப்பாத்திரத்திலிருந்து பிறந்ததுதான்.

வடமொழியில் கடம் என்றால் குடம். கச்சேரி மேடையில் வாசிக்கும் கடமும் அதுவே. அந்தச் சொல்லின் சிறு வடிவம் கடிகை. அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி அது மூழ்குவதற்கு ஆகும் நேரம் ஒரு கடிகை. நம் கணக்கில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். முல்லைப்பாட்டில் பாசறை மன்னனுக்குப் பொழுது சொல்கிறவர்கள் கன்னல் என்னும் நீர்க்கருவியைப் பார்த்தே சொல்கிறார்கள். பிற்காலத்தில் நீர் போனது, சுருள்வில்லும் பற்சக்கரமும் வந்தன. சொல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

மலாயிலும் இதே கதைதான். அங்கே ஜாம் என்றால் கடிகாரம், மணிநேரம் இரண்டும். கையில் கட்டுவது ஜாம் தாங்ஙான். பாரசீகத்தில் ஜாம் என்பது கிண்ணம்; மலாய்ச் சொல் அங்கிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்கள் கருத்து. நேரம் கேட்கும்போது அவர்கள் “புக்குல் பெராப்பா?” என்பார்கள். புக்குல் என்றால் அடித்தல். நாம் “மணி என்ன?” என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் நேரம் என்பது முதலில் காதால் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை.

தோட்டத்து லயத்தில் அந்த மணி இன்னும் கண்டிப்பானது. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அந்த மணியையும் அரசு பலமுறை நகர்த்தியது. மலாயாவின் நேரம் 1905-இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால் இருந்தது. 1933-இல் அது 7 மணி 20 நிமிடம் ஆயிற்று, 1941-இல் ஏழரை. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி 9 ஆக்கினார்கள். போர் முடிந்ததும் மறுபடி ஏழரை, 1982 தொடக்கத்திலிருந்து 8. இன்று ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் ஒன்றேகால் காட்டும்போதுதான். பெரியவர்கள் “அந்தக் காலத்து அஞ்சு மணி” என்று சொன்னால், எந்த ஆண்டின் அஞ்சு மணி என்று கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

சொல் நிற்க, பொருள் நகர்வது வினாடியிலும் நடந்திருக்கிறது. பழைய கணக்கில் ஒரு நாழிகைக்கு 60 வினாடி, ஆகவே ஒரு வினாடிக்கு இன்றைய 24 நொடிகள். ஐரோப்பியக் கடிகாரம் வந்தபின் அதே சொல் மணியில் 3600-இல் ஒரு பங்காகச் சுருங்கியது. நொடி என்பதோ விரலைச் சொடுக்கும் நேரம்.

அந்தச் சிறு வினாடியை ஓடவிட்டு நிறுத்தி அளக்கும் கடிகாரம்தான் குரோனோகிராஃப். கிரேக்கத்தில் குரோனோஸ் காலம், கிராஃபைன் எழுதுதல். 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் வைத்த கருவி உண்மையிலேயே எழுதியது. குதிரை எல்லையைத் தொடும் கணத்தில் சுழலும் தட்டின்மேல் ஒரு சொட்டு மை விழும். கைக்கு வந்தபோது மை இல்லை, எழுதுகோலும் இல்லை, முள் மட்டுமே. நீரில்லாத கடிகையும் எழுதாத கிராஃபும் ஒரே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. பழைய கடிகாரத்துக்கு வயது பார்க்கிறவருக்கு இது உதவும், முகப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பமாட்டார்.

முதலில் ஏமாற்றும் எழுத்து “குரோனோகிராஃப் சுவிஸ்”. நிறுவனத்தின் பெயர் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது வெறுமனே “சுவிட்சர்லாந்து குரோனோகிராஃப்” என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். 1940, 50-களில் மெல்லிய 18 காரட் தங்கக் கூட்டில் இந்த எழுத்தோடு ஏராளமாக விற்றன. உள்ளே பெரும்பாலும் லாண்டெரான் நிறுவனத்தின் எந்திரம். அதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். லாண்டெரான் 48-இல் மேல் பொத்தான் முள்ளை ஓடவிட மட்டும்தான். நிறுத்துவதும் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதும் கீழ்ப் பொத்தான். மற்ற பெரும்பாலானவற்றில் மேல் பொத்தானே ஓட்டும், நிறுத்தும். தங்கம் உண்மையானதா என்பதற்குப் பின்மூடியில் ஹெல்வெட்டியா என்னும் பெண்ணின் தலை முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

பெயர் பெரிதாக இருந்தாலும் எந்திரம் பொதுவாக இருக்கும். 1963-இல் வந்த ஹோயர் கரேராவிலும் அதே ஆண்டு ரோலெக்ஸ் டேடோனாவிலும் உள்ளே ஓடியது வால்ஜூ 72-இன் குலம். அந்த எந்திரம் 1938-இல் தொடங்கி 1974 வரை செய்யப்பட்டது. எண் பேலன்ஸ் சக்கரத்துக்கு அருகே அடித்தட்டில் பொறித்திருக்கும். இரண்டாவது பொத்தானை பிரைட்லிங் 1934-இல் கொண்டுவந்தது. ஆகவே ஒற்றைப் பொத்தான் என்றால் அதற்கு முந்தியது என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம், படைகளுக்காக ஒற்றைப் பொத்தான் கடிகாரங்களைப் பின்னாலும் செய்தார்கள். ஆறு மணி எண்ணுக்குக் கீழே “சுவிஸ்” என்ற எழுத்தின் இருபுறமும் “டி” இருந்தால் முள்ளில் இருட்டில் ஒளிரப் பூசியது டிரிட்டியம். 1960-களுக்கு முந்திய முகப்பு அல்ல. அதற்கு முன் ரேடியம். அதன் ஒளி மங்கியிருக்கும், கதிர்வீச்சு மங்காது. சுரண்டவே கூடாது.

முகப்பு ஓரத்து அளவுகோல் யாருக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். நாடித்துடிப்பு அளவுகோல் மருத்துவருக்கு. டெலிமீட்டர் பீரங்கிப் படைக்கு. ஒளியைக் கண்டதும் அழுத்தி, ஓசை கேட்டதும் நிறுத்தினால் தூரம் கிலோமீட்டரில் தெரியும். தைப்பிங் பக்கம் மாலை இடிமழையில் மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று இதே முள்ளால் அளந்துவிடலாம்.

நம் ஊரை நேராகத் தொடும் சொல் ஒன்றும் சேகரிப்பாளரிடம் உண்டு: “டிராபிக்கல் டயல்”. வெயிலிலும் புழுக்கத்திலும் கறுப்பு முகப்பு பழுப்பேறியதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஏலங்களில் அதற்கு விலை கூடுதல். இங்கே அதைக் கெட்டுப்போனதாக எண்ணி, பழுதுபார்க்கக் கொடுக்கும்போதே “முகத்தைப் புதுசா அடிச்சுக் குடுங்க” என்று கேட்கிறோம். அப்படிச் செய்யும்போது அந்த “டி” எழுத்துகள் போகும், பழைய அச்சு போகும், அரைநூற்றாண்டுச் சாட்சியும் போகும். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, பெரட்டுக் களங்கள் செம்பனைக்குள் மறைந்தபின், கிராணியும் (எழுத்தர்) டிரெசரும் (மருத்துவ உதவியாளர்) கட்டியிருந்த கைக்கடிகாரங்கள் அந்த வாழ்வுக்கு எஞ்சிய சில சான்றுகளுள் சேரும்.

உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவுடைய வாச்சு ஒன்று கிடந்தால், முகப்பை அடிக்கக் கொடுக்காதீர்கள், கூட்டை மெருகேற்றாதீர்கள். நல்ல வாச்சுக்காரரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி எந்திரத்தைப் படம் எடுத்து வையுங்கள். யார், எந்தத் தோட்டத்தில், எந்த வேலையில் இருந்தபோது கட்டியது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அந்தத் தாளில் உள்ளதை எந்தச் சுவிஸ் ஆவணமும் தராது.