பாபநாசத்துப் பாறையும் ஆதிச்சநல்லூர் வெண்கலமும்

பொதிகையின் பாறைகளில் செம்பு இருக்கிறது, தாமிரபரணித் தண்ணீரின் சுவைக்கும் மருத்துவக் குணத்துக்கும் அதுவே காரணம் என்ற நம்பிக்கை நெல்லைச் சீமையில் பரவலானது. அதே ஆற்றங்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழங்கால வெண்கலக் கலங்களை அதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. இவ்விரண்டையும் முடிச்சுப் போடத் தாதுவியல் இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆற்றின் பெயர் வரலாறு தனி வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

முதலில் பாறை. பாபநாசத்து மலையடிவாரக் கற்களின் மேல்தோல் செம்பழுப்பாக இருக்கும். பார்த்தவர் செம்பு என்று சொல்வதில் வியப்பில்லை. அதே கல்லை உடைத்தால் உள்ளே எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கரும்பச்சை சார்னோக்கைட் தெரியும். மேலே படிந்திருப்பது இரும்புத் துரு. ஆற்று மணலில் கிடக்கும் செந்நிறத் துகள்கள் கார்னெட். அவற்றின் நிறமும் இரும்பு தந்ததே. செப்புத்தாது நிலத்தில் தலைகாட்டும் இடத்திலும் துருப் படிவு இருக்கும்தான். ஆனால் அங்கே விரிசல்தோறும் மாலகைட்டின் பச்சையும் அசுரைட்டின் நீலமும் கசிந்திருக்கும்.

புவி மேலோட்டில் சராசரியாகப் பத்து லட்சத்துக்குச் சுமார் 60 பங்கு செம்பு எங்கும் உண்டு. அரை விழுக்காடாவது திரண்டால்தான் இன்று அதைத் தாது என்போம். ஏறக்குறைய 80 மடங்குச் செறிவு வேண்டும். பொதிகைப் பாறைகள் மேலோட்டின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. நீரும் கந்தகமும் அங்கேயே வெளியேறிவிட்டதால் செம்பு திரளவில்லை என்று விளக்கம் சொல்லிவிடலாம். அது அவசர விளக்கம். தென்னாப்பிரிக்காவின் ஓகீப் பகுதியில் இதே தர உருமாற்றப் பாறைகளுக்கு இடையே 19ஆம் நூற்றாண்டிலிருந்து செம்பு வெட்டியெடுத்தார்கள். நம் பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரிலும் சார்னோக்கைட் நிலத்தில் ஈயம், துத்தநாகத்தோடு செம்பும் உண்டு. எனவே பாறை வகையை மட்டும் வைத்து இங்கே செம்பு இராது என்று தீர்ப்பெழுத முடியாது. சிங்பூமிலும் கேத்ரியிலும் நிலத்தையே உருமாற்றிய பழஞ்சுரங்கக் குழிகளும் கசடு மேடுகளும் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்பதே வலுவான சான்று.

இந்த மாவட்டத்தின் நிலவியலை விரிவாக எழுதியவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் நூலை வெளியிட்டவர். பாறையையும் பழம்பொருளையும் ஒருவரே படித்த காலம் அது. 1899க்கும் 1905க்கும் இடையே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரைத் தோண்டியபோது துறைகள் பிரிந்துவிட்டிருந்தன. இழப்பு நமக்குத்தான்: கலங்களின் வடிவத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவற்றின் உலோகம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எழுதப்படவில்லை.

அந்தக் கேள்விக்குச் செம்பைவிட வெள்ளீயமே நல்ல சாட்சி. ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்களில் சில 20 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளீயம் கலந்தவை என்று சாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வு காட்டியது. இந்தக் கலவையை மெல்ல ஆறவிட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். செஞ்சூட்டில் தட்டி மெலிதாக்கி, சூடு தணியுமுன் நீரில் தோய்க்க வேண்டும். அப்படியொரு கைத்திறன் படைத்த கன்னாருக்கு வேண்டிய வெள்ளீயம் அக்கம்பக்கத்தில் எங்குமில்லை. இந்தியாவில் அது பஸ்தர் போன்ற ஒருசில இடங்களில்தான் உண்டு, கடல் கடந்தால் தென்கிழக்காசியாவில். வெள்ளீயத்தை அவ்வளவு தொலைவிலிருந்து வரவழைத்தவர்கள் செம்பை மட்டும் உள்ளூரில் எடுத்தார்கள் என்று கொள்ள அவசியமே இல்லை.

செம்பு வந்திருக்கக்கூடிய இடங்களில் கவனத்துக்குரியது இலங்கையின் கிழக்குக் கரையோரம் உள்ள சேருவில. 1971இல் அங்கே சால்கோபைரைட்டும் மேக்னடைட்டும் சேர்ந்த படிவம் கண்டறியப்பட்டது. தொல்லியலாளர் சுதர்ஷன் செனவிரத்ன அதைப் பழங்காலச் செம்புக்கான ஊற்றாக முன்வைத்தார். அது இரு பெரும் பாறைத் தொகுதிகளின் எல்லையில் அமைந்த தாது. கண்டங்களை ஒட்டவைத்துப் பார்க்கும் வரைபடங்களில் அந்த எல்லை அண்டார்க்டிகாவை நோக்கியே நீள்கிறது. இலங்கையில் இருப்பதால் பொதிகையிலும் இருக்கும் என்ற வாதம் இங்கே அடிபடுகிறது.

தாது ஓரிடம், உலை ஓரிடம் என்பதில் புதுமையும் இல்லை. இதே ஆறு கடலில் கலக்கும் கரையில், தூத்துக்குடியில் 2018 வரை இயங்கிய செம்பு உருக்காலைக்கும் தாதுச் செறிவு கப்பலில்தான் வந்தது. இது பழங்காலத்துக்குச் சான்றாகாது. தாது இருந்தால்தான் உலை இருக்கும் என்ற முன்முடிவை மட்டும் இது தளர்த்தும்.

சேருவிலதான் ஊற்று என்று நான் வாதிடவில்லை. அதைச் சோதிக்க ஈய ஐசோடோப்பு முறை உண்டு: தாதுவில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் உருக்கினாலும் மாறாது. ஆனால் வார்ப்பு எளிதாகட்டும் என்று ஈயத்தைத் தனியே சேர்த்த கலங்கள் அந்த ஈயத்தின் ஊரையே காட்டும், செம்பின் ஊரை அல்ல. பழைய பாத்திரத்தை உருக்கி மறுவார்ப்பு செய்திருந்தால் பல ஊர்க் கணக்கு ஒன்றாகக் குழம்பிவிடும். ஆகவே ஈயம் சேர்க்காத, தட்டிச் செய்த கிண்ணங்களை முதலில் எடுத்து, சேருவில, மாமண்டூர், கர்நாடகத்தின் இங்கல்தால் ஆகிய மூன்றிடத்துத் தாதுக்களோடும் ஒப்பிடுவதே முறை.